மூன்றாவது கொட்டேஷன்

பாளையங்கோட்டை பொதிகை அடுக்ககத்தில், இரண்டாம் மாடி நடு வீட்டில் இருந்த கீபோர்டு வளர்ந்து வளர்ந்து, சுவருக்குள் புகுந்து, இரண்டு பக்கத்து வீடுகளுக்கும் போய்ச் சேர்ந்தது என்று சொன்னால், அங்கே குடியிருப்பவர்கள் 'ஆமா, அதுக்கென்ன இப்போ' என்று கேட்பார்கள். ஆனால் அந்தக் கீபோர்டை ஜெயசிங் சார் ஒரே வாரத்தில் விசாரித்து வாங்கிவிட்டார் என்று சொல்லிப் பாருங்கள், ஒருத்தரும் நம்ப மாட்டார்கள், 'கதை விடாதிய' என்று எழுந்து உள்ளே போய்விடுவார்கள்.

இம்மானுவேல் ஜெயசிங் ஒரு நூற்பாலையின் கொள்முதல் பிரிவில் தலை நரைக்கும்வரை வேலை பார்த்தவர். ஊசி வாங்கினாலும் இயந்திரம் வாங்கினாலும் மூன்று இடத்தில் கொட்டேஷன் வாங்கி, மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, அதற்குப் பிறகுதான் பேனாவைத் திறக்க வேண்டும் என்பது ஆலையின் விதி. ஆலை அந்த விதியை வாசலோடு நிறுத்திக்கொண்டது, ஜெயசிங் சார் அதை வீட்டுக்கும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். குடை வாங்க விசாரிக்க ஆரம்பித்தால் மழைக்காலம் முடிந்து வெயில் வந்துவிடும், வெயிலுக்கும் குடை ஆகும்தானே என்று மறுபடி முதலிலிருந்து விசாரிப்பார். மீன்காரியிடம் சாளை என்ன விலை என்று கேட்டுவிட்டு, இன்னும் இரண்டு மீன்காரிகள் வரட்டும் என்று வாசலில் நிற்பார், வீட்டில் அன்றைக்கு ரசம்தான். மகளுக்கு மாப்பிள்ளை பார்த்தபோதும் மூன்று வரன்களை வைத்துக்கொண்டு அவர் ஒப்பிட்டு முடிப்பதற்குள், அவள் நாலாவதாக ஒருத்தனைத் தானே பார்த்துக் கட்டிக்கொண்டு பெங்களூருக்குப் போய்விட்டாள். தங்கமான பையன்தான், ஆனாலும் ஒப்பிட்டுப் பார்க்க முடியாமல் போயிற்றே என்ற குறை அவருக்கு இன்றுவரை உண்டு.

இப்படிப்பட்ட மனிதர் கல்யாணத்தன்றே ஒரு வாக்கைக் கொடுத்து மாட்டிக்கொண்டார். அவர் மனைவி பியூலா கல்யாணத்துக்கு முன்னால் தன் ஊர்க் கோயிலில் ஞாயிறுதோறும் ஆர்கன் வாசித்தவள். கால் மிதித்துக் காற்றை ஏற்றி வாசிக்கிற பழைய மரப்பெட்டி அது. அதில் அவளாகவே கட்டிய ஒரு ராகம் இருந்தது, ஆராதனை முடிந்து சனங்கள் செருப்பைத் தேடுகிற நேரத்தில் அதைத்தான் வாசிப்பாள், அதன் முடிவில் இடது கை கீழே கீழே இறங்கி அடிக்கட்டைகளில் போய் நிற்கும், அப்போது கோயில் பெஞ்சுகள் எல்லாம் லேசாக அதிரும். தாலி கட்டி முடிந்து வண்டியில் ஏறும்முன் அவள் ஓடிப்போய் அந்த ஆர்கனின் மூடியைக் கையால் தடவிவிட்டு வந்தாள். மாப்பிள்ளை அதைப் பார்த்துவிட்டார். வண்டி ஊர் எல்லையைத் தாண்டுவதற்குள், 'நா ஒனக்கு ஒரு பியானோ வாங்கித் தாரேன்' என்று சொல்லிவிட்டார். மனசறிந்துதான் சொன்னார், அடுத்த வாரமே விசாரிக்கவும் ஆரம்பித்தார்.

அந்த விசாரணை முப்பது வருசம் நடந்தது. மதுரையில் கேட்டார், சென்னையில் கேட்டார், மலைமேல் ஒரு தேயிலைத் தோட்டத்து பங்களாவில் பழைய பியானோ விற்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் பேருந்து ஏறிப்போய் அதன் காலைத் தட்டிப் பார்த்துவிட்டு வந்தார். இரண்டு கொட்டேஷன் கையில் வந்தால் மூன்றாவது வராது, மூன்றாவது வரும்போது முதல் கடை மூடியிருக்கும். பியூலா முதலில் காத்திருந்தாள், பிறகு கோபப்பட்டாள், பிறகு சிரித்தாள், அதற்கும் பிறகு அதைப் பற்றிப் பேசுவதையே விட்டுவிட்டாள். சோறு கொதிக்கும் நேரத்தில் அடுக்களை மேடையில் அவள் விரல்கள் மட்டும் தம்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும்.

போன வருசம் அந்த விரல்கள் வீங்க ஆரம்பித்தன. காலையில் எழுந்தால் கை மடங்காது, மடங்கினால் விரியாது. மூட்டு டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு, 'விரலுக்கு வேலை குடுங்கம்மா, சும்மா வச்சிருந்தா அப்படியே இறுகிரும்' என்றார். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றியதும் பியூலா சொன்னாள்.

"இங்க பாருங்க. எனக்குப் பியானோல்லாம் வேண்டாம். ஒரு கீபோர்டு போதும், சின்னதா. ஆனா என் விரல் இறுகுறதுக்கு முந்தி வேணும்."

"அதுக்கென்னா, நாளைக்கே விசாரிச்சிரலாம்" என்றார் ஜெயசிங் சார், பழக்கத்தில்.

"விசாரிங்க. நல்லா விசாரிங்க. நீங்க விசாரிச்சு முடிக்கப்ப அந்தக் கீபோர்டுமேல நா துணி காயப்போட்டுக்கிடுதேன்."

அவள் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள், ஆனால் சொல்லும்போது வலது கையால் இடது கையின் மோதிர விரலைப் பிடித்து நீவிக்கொண்டிருந்தாள். அந்த விரல்மேல்தான் ஜெயசிங் சாரின் கண் போயிற்று, அங்கேயே நின்றுவிட்டது. ஆலையில் எத்தனையோ இயந்திரம் நிற்கப் பார்த்தவர், உதிரிப்பாகம் வரவில்லை என்று கையை விரித்தவர்; இந்த உதிரிப்பாகத்தை எந்தக் கடையிலும் வாங்க முடியாது என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. அந்த வாரத்துக்குள் மூன்று கடைக்கும் அவளைக் கூட்டிக்கொண்டு போனார்.

முதல் கடையில் இருந்தது கீபோர்டு இல்லை, காலும் மிதியும் வைத்த மின்பியானோ. நிஜப் பியானோவில் எத்தனை கட்டை உண்டோ அத்தனையும் இருந்தது, ஒவ்வொன்றும் கனமாக இறங்கி மெதுவாக எழுந்தது, விலையும் அதே கனத்தில் இருந்தது. அதை வீட்டில் வைத்தால் ஜெயசிங் சார் வராந்தாவில்தான் படுக்க வேண்டும். இரண்டாவது கடையில் காட்டியது பார்க்கப் பளபளவென்று இருந்தது, நூறு தாளம் போடும், நாய் மாதிரிக் குரைக்கும், ரயில் மாதிரிக் கூவும், ஆனால் கட்டைகள் பிள்ளைகளுக்கானவை, பியூலா ஒன்றைத் தொட்டால் இரண்டு அமுங்கியது. மூன்றாவது கடையில்தான் சரியானது இருந்தது. கட்டைகள் நிஜ அளவு, மெல்லத் தொட்டால் மெல்லப் பேசும், அழுத்தினால் உரக்கப் பேசும், கால்மிதி செருக இடம் உண்டு, அடுத்த வீட்டுக்குக் கேட்காமல் வாசிக்கக் காதில் ஹெட்போன் மாட்டிக்கொள்ளலாம், விலையும் கைக்கு அடக்கம். ஒரே ஒரு குறை, இரண்டு ஓரத்திலும் கட்டைகள் கொஞ்சம் குறைவு.

பியூலா கடைக்காரர் போட்ட ஸ்டூலில் உட்கார்ந்து தன் ராகத்தை எடுத்தாள். தடுமாறித் தடுமாறித்தான் வந்தது. முடிவுக்கு வந்தபோது இடது கை கீழே கீழே இறங்கிற்று, கட்டைகள் தீர்ந்துபோயின, கை நிற்காமல் இன்னும் இறங்கி வெறும் காற்றை அமுக்கிற்று. அவள் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, 'பரவால்ல, இதே போதும்' என்றாள்.

ஜெயசிங் சார் அதைப் பார்த்துவிட்டார். கடைக்காரரைத் தனியாகக் கூப்பிட்டு, ஆலையில் எந்த இயந்திரம் வாங்கினாலும் கேட்கிற கேள்வியைக் கேட்டார்.

"நாளைக்கே தேவை கூடுனா, இதையே கூட்டிக்கிட முடியுமா?"

கடைக்காரருக்குச் சாப்பாட்டு நேரம். "அதெல்லாம் கூடும் சார். தாராளமா கூடும்" என்று சொல்லி பில்லைக் கிழித்துக் கொடுத்தார்.

கூடிற்று. வந்த மறுநாள் காலை இடது ஓரத்தில் ஒரு வெள்ளைக் கட்டை புதிதாக முளைத்திருந்தது, அதற்கடுத்த நாள் அதன் தோளில் ஒரு கறுப்பு. ஜெயசிங் சார் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார், பிறகு கடைக்குப் போன் போட்டு, வளர்வது வாரண்டியில் வருமா என்று கேட்டார். 'குறைஞ்சா கொண்டு வாங்க சார், கூடுனதுக்கு யாரும் கம்ப்ளெயின்ட் குடுக்க மாட்டாவ' என்று கடைக்காரர் வைத்துவிட்டார். பியூலா எதுவும் கேட்கவில்லை. காலையில் ஈரத் துணியால் புதுக் கட்டையைத் துடைத்து, ஒரு தடவை அமுக்கிப் பார்த்து, சரி என்று தலையாட்டிவிட்டு இட்லி ஊற்றப் போனாள்.

கீபோர்டு இடது பக்கம் வளர்ந்தது, பிறகு ஒரு பக்கமாகவே போனால் சண்டை வரும் என்று நினைத்ததோ என்னவோ வலது பக்கமும் வளர்ந்தது, அதன் தகரத் தாங்கிக்கு அவசியமே இல்லாமல் போயிற்று, சுவரைத் தொட்டது, சுவர் விரிசல் விடவில்லை, சுண்ணாம்பு உதிரவில்லை, தண்ணீர் மண்ணுக்குள் போகிற மாதிரி உள்ளே போயிற்று. ஒரு காலை வேளையில் இடது பக்கத்து வீட்டு இசக்கியம்மாள் கையெல்லாம் மாவோடு வந்து நின்றாள். வீட்டில் இட்லி மாவு அரைத்துத் தெருவுக்கே விற்கிறவள் அவள்.

"யக்கா, ஒங்க பெட்டி எங்க அடுக்களைக்குள்ள வந்துட்டு."

"ரொம்ப வந்துட்டா?" என்று கேட்டாள் பியூலா.

"ஒரு முழம் இருக்கும். இருக்கட்டும், எனக்கு எடஞ்சல் இல்ல. மாவு வாளிய அதுமேல வச்சுக்கிடலாமான்னு கேக்கத்தான் வந்தேன்."

வைத்துக்கொண்டாள். வாளி அமுக்கியதில் அடிக்கட்டை ஒன்று பகல் முழுவதும் மெல்ல முனகிக்கொண்டே இருந்தது, அந்த முனகலில் மாவு சீக்கிரம் புளித்து நன்றாகப் பொங்குகிறது என்று தெருவில் பேச்சு வந்தது, இசக்கியம்மாளுக்கு வியாபாரம் கூடிற்று. வலது பக்கத்து வீட்டில் மைதீன் பாய், தொலைதூரப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். அவர் வீட்டு டிவிக்குக் கீழே கீச்சுக் கட்டைகள் வந்து சேர்ந்தன. ஹாரன் அடித்துப் பழகிய கை சும்மா இருக்குமா, அடுக்களையில் இருக்கும் மனைவியிடம் டீ கேட்க ஒரு தடவை, தண்ணீர் கேட்க இரண்டு தடவை என்று அமுக்கினார். அந்தம்மாள் வேண்டாம் என்பதற்குத் தானும் ஒரு கட்டையை வைத்துக்கொண்டாள். கீழ்த்தளத்து ஆட்கள் விருந்தாளி வந்தால் கூட்டிக்கொண்டு வந்து மூன்று வீட்டிலும் காட்டிவிட்டுப் போனார்கள். வீட்டுத் தரகர்கள் 'கட்டை வந்த வீடு' என்று சொல்லி வாடகையை ஏற்றப் பார்த்தார்கள். மின்கணக்கு எடுக்க வந்தவர், எந்த வீட்டு மீட்டரில் இது ஓடுகிறது என்று தலையைச் சொறிந்துவிட்டு, நடு வீடு என்று குறித்துக்கொண்டு போனார்.

பியூலா தினமும் சாயங்காலம் வாசித்தாள். விரல்கள் ஒவ்வொன்றாக இளகின. இடது மோதிர விரல் ஒன்றுதான் இறுகியது இறுகியபடி நின்றது, மற்றவை பழையபடி ஓட ஆரம்பித்தன. ராகத்தின் முடிவில் வரும் அடிக்கட்டைகளில் கடைசியானது இப்போது இசக்கியம்மாள் அடுக்களையில் இருந்தது. அந்த இடம் வந்ததும் பியூலா சுவரில் தட்டுவாள், இசக்கியம்மாள் வாளியைத் தூக்கி வைத்துவிட்டு முழங்கையால் அமுக்குவாள். சரியான நேரத்துக்கு ஒரு நாளும் அமுக்கியதில்லை, ஒன்று முந்திவிடும், இல்லாவிட்டால் வாடிக்கையாளுக்குச் சில்லறை கொடுத்துவிட்டு வந்து அமுக்குவாள்.

எல்லாருக்கும் இது ஒத்துப்போயிற்று, மூன்றாம் மாடி வேலாயுதப் பெருமாளைத் தவிர. அவர்தான் குடியிருப்போர் சங்கச் செயலாளர். கீபோர்டு பக்கவாட்டில்தான் வளர்ந்ததே ஒழிய மேலே வளரவில்லை. சரியாக அதற்கு மேல்வீட்டில் குடியிருந்தும் ஒரு கறுப்புக் கட்டைகூடத் தனக்கு வரவில்லை என்பது அவருக்குள் என்ன செய்தது என்று நமக்குத் தெரியாது. சங்கக் கூட்டத்தைக் கூட்டி, சுவர் எல்லாருக்கும் பொது, பொதுச் சுவரில் தனியார் பொருள் எதுவும் நுழையக் கூடாது, ஆகையால் கீபோர்டை இரண்டு சுவர் ஓரத்திலும் அறுத்து எடுக்க வேண்டும் என்றார். விதி அப்படித்தான் இருந்தது. மைதீன் பாய் ஏதோ சொல்லப் பார்த்தார், விதியை வாசித்ததும் உட்கார்ந்துவிட்டார். அறுத்துக் கொடுக்கும் பொறுப்பு ஜெயசிங் சாருக்கு, செலவு சங்கத்துக்கு என்று முடிவாயிற்று; வாழ்நாளெல்லாம் விதிப்படி நடந்தவர், தலையைக் குனிந்துகொண்டு சரி என்றார்.

கடைக்காரரிடம் கேட்டதற்கு, அறுத்தால் உள்ளே ஓடுகிற கம்பி எல்லாம் அறுந்துபோகும், அப்புறம் ஒரு கட்டைகூடப் பேசாது, வெறும் பலகைதான் என்றார். அதைக் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்த ஜெயசிங் சார் பியூலாவின் முகத்தைப் பார்க்க மாட்டாமல் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அறுக்கப் போறியளா?" என்று கேட்டாள் அவள்.

"விதி இருக்கே பியூலா. நா என்ன செய்ய முடியும்?"

அவள் குரல் உடைந்திருந்தது. "முப்பது வருசம் நா வேற ஒண்ணும் கேக்கல. இதுதான் எனக்குன்னு வந்தது. இதும் போச்சுன்னா இந்தக் கைய வச்சுக்கிட்டு நா என்ன செய்ய?" கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எழுந்து அடுக்களைக்குப் போகப் போனவள் வாசல்படியில் நின்றாள். அவள் முகத்தில் மெல்ல ஒரு சிரிப்பு வந்தது. கல்யாணமான புதிதில் அவர் பார்த்த சிரிப்பு, நடுவில் பல வருசம் காணாமல் போயிருந்தது.

"ஏங்க, அறுக்கதுக்கு ஆள் பாக்கணும்லா?"

"பாக்கணும்."

"மூணு கொட்டேஷன் வாங்காம நீங்க எதுவும் செய்ய மாட்டியள்லா?"

ஜெயசிங் சார் அவளைப் பார்த்தார். அவருக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. புரிந்ததும் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு மூன்றாம் மாடிக்குப் போனார், வேலாயுதப் பெருமாளிடம், சங்கச் செலவு என்பதால் விதிப்படி மூன்று கொட்டேஷன் வாங்கி, ஒப்பிட்டுப் பார்த்து, அதற்குப் பிறகுதான் வேலையைக் கொடுக்க முடியும் என்றார். விதி என்ற சொல்லைக் கேட்டதும் செயலாளரின் முகம் மலர்ந்துவிட்டது. 'ஒங்கள மாதிரி நாலு பேர் இருந்தா இந்த அடுக்ககம் எங்கியோ போயிரும் சார்' என்று கையைப் பிடித்துக் குலுக்கினார்.

அன்றிலிருந்து ஜெயசிங் சார் விசாரித்துக்கொண்டே இருக்கிறார். தச்சர் ஒருவர் வந்து பார்த்து, இது மரம் இல்லையே என்று போய்விட்டார். வெல்டிங் பட்டறைக்காரர் விலை சொன்னார், ஆனால் சுவருக்குள் இருக்கும் பகுதியைச் சேர்த்தா சேர்க்காமலா என்று சொல்லவில்லை, ஆகையால் அது செல்லாது. தூத்துக்குடியில் கப்பல் அறுக்கிறவர்கள் இருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் பேருந்து ஏறிப்போனார், அவர்கள் சிரித்துவிட்டு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினார்கள். இரண்டு கொட்டேஷன் சேர்ந்தால் அதில் ஒன்றுக்குக் காலக்கெடு முடிந்துவிடும். முப்பது வருசம் அவளுக்கான பியானோவைத் தள்ளிப்போட்ட அதே மனிதர், அதே பொறுமையோடு, அதே கவனத்தோடு, இப்போது அவளுடைய கீபோர்டைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு கூட்டத்திலும் செயலாளர் கேட்பார், 'மூணாவது வந்துருச்சா சார்?' ஜெயசிங் சார் வருத்தத்தோடு தலையாட்டுவார், கூட்டம் மொத்தமும் அவரோடு சேர்ந்து வருத்தப்படும். அப்படி ஒரு நாள், கூட்டம் கலையும்போது வேலாயுதப் பெருமாள் அவரைத் தனியாக நிறுத்தி, 'அவசரப்படாதீங்க, நிதானமா விசாரிங்க. சாயங்காலம் ரேடியோ வைக்க வேண்டியதில்லன்னு வீட்டுல சொல்லுதா' என்றார், வேறு பக்கம் பார்த்துக்கொண்டு.

போன ஞாயிற்றுக்கிழமை, கோயிலுக்குப் போய்விட்டு வந்து மதியச் சாப்பாடும் ஆன பிறகு, பியூலா கீபோர்டின் முன்னால் உட்கார்ந்தாள். ராகத்தை முதலிலிருந்து எடுத்தாள். வலது பக்கத்தில் மைதீன் பாய் டிவியை அணைத்தார். இடது பக்கத்தில் இசக்கியம்மாள் வாளியைத் தூக்கித் தரையில் வைத்துவிட்டு முழங்கையைத் தயாராக வைத்துக்கொண்டாள், வாசலில் தூக்குவாளியோடு நின்றவளைப் 'பொறு, ஒரு வேலையிருக்கு' என்று நிறுத்தினாள். மேல்வீட்டில் நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது, பிறகு அதுவும் நின்றது.

ஜெயசிங் சார் வழக்கம்போல வாசல் நிலையில் சாய்ந்து நின்றார். அவருக்குத் தலையாட்டுவதைத் தவிர வேலை இல்லை. ராகம் முடிவை நோக்கி இறங்கத் தொடங்கியபோது பியூலா திரும்பாமலே கூப்பிட்டாள்.

"இங்க வாங்க. பக்கத்துல உக்காருங்க."

அவர் வந்து ஸ்டூலின் இடது ஓரத்தில் உட்கார்ந்தார்.

"கடைசிக் கட்டைக்கு முந்துன கட்டைய என் மோதிர விரல்தான் அமுக்கணும். அது இனிமே மடங்காது. டாக்டர் சொல்லிட்டாரு, நா ஒங்ககிட்ட சொல்லல. அத நீங்க அமுக்குங்க."

வாசிப்பு நிற்காமல் இறங்கிக்கொண்டே வந்தது. அவருடைய வாய், எந்தக் கட்டை, வெள்ளையா கறுப்பா, எப்போது, எவ்வளவு அழுத்த வேண்டும் என்று கேட்கத் திறந்தது. அவள் கை அவர் பக்கமாக வந்துகொண்டிருந்தது. அந்த விரல் மட்டும் மற்றவற்றோடு சேராமல் நீட்டிக்கொண்டு நின்றதை அவர் பார்த்தார், கண்ணில் தண்ணீர் கோத்துக்கொண்டது, கட்டைகள் எல்லாம் கலங்கி ஒன்றாகத் தெரிந்தன. ஜெயசிங் சார் வாயை மூடிக்கொண்டார், ஒருத்தரிடமும் ஒன்றும் கேட்காமல் ஒரு கட்டையை அமுக்கினார்.

சரியான கட்டைதான். பியூலா சுவரில் தட்டினாள், இசக்கியம்மாளும் அன்றைக்குப் பார்த்து நேரத்துக்கு அமுக்கினாள், மூன்று வீட்டுச் சாமான்களும் லேசாக அதிர்ந்தன.